கயிறும் கடலைக் குழம்பும்

அக்டோபர் 18, சனி

இன்று என்னைக் கயிறு இழுக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். இதை முதலில் எழுதாவிட்டால் மற்ற எதுவும் எழுத ஓடாது. கை பரபரக்கிறது.

மாமாவுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோனேன். மாமா, என் வீட்டுக்காரர், இந்தக் கோழித்தீவன ஆலைக்கு மேனேஜர். நாமக்கல்லை விட்டு உகாண்டாவுக்கு வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. மசாகா டவுனுக்கு வெளியே ஆலை, ஆலைக் காம்பவுண்டுக்குள்ளேயே வீடு. போகிற வழியில் ஒரு தீவன மூட்டை, அடுக்கிவைத்த அட்டியிலிருந்து சரிந்து குறுக்கே கிடந்தது. சுமை ஆட்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். தூக்குப்போசியைக் கீழே வைத்துவிட்டு, மூட்டையைத் தோளில் ஏற்றி அட்டியில் போட்டேன். கல்லூரியில் மூன்று வருஷம் பளு தூக்கியவள் நான். மாவட்டத்தில் தங்கம் வாங்கியிருக்கிறேன். கல்யாணத்துக்கு அப்புறம் கேஸ் சிலிண்டர்தான் தூக்கினேன், அது வேறு கதை.

திரும்பினால் மூன்று பெண்கள் வாயைப் பிளந்து நிற்கிறார்கள். மூவரும் கலவைப் பிரிவு. சூப்பர்வைசர் ப்ராஸி, டெடி, அப்புறம் எல்லாரும் நாலோங்கோ என்று கூப்பிடும் பெரிய அக்கா. நாலோங்கோ என்றால் இரட்டைப் பிள்ளை பெற்றவள் என்று அர்த்தமாம், இங்கே அது ஒரு பட்டம். டெடி என்பது இங்கே பெண் பெயர்.

அவர்கள் என்னிடம் பேசுவது இங்கிலீஷ். என் காதில் அது நம்மூர்ப் பேச்சாகத்தான் விழுகிறது, அப்படியே எழுதிவிடுகிறேன்.

"மேடம், அந்த மூட்டைய நீங்களா தூக்குனீங்க?" என்றாள் ப்ராஸி.

"இல்ல, அதுவே ஏறி உக்காந்துக்கிச்சு."

மூவரும் அவர்கள் பாஷையில் என்னமோ பேசிச் சிரித்தார்கள். அப்புறம் விஷயத்துக்கு வந்தார்கள். டிசம்பர் முதல் சனிக்கிழமை சுற்றுவட்டார ஆலைகளுக்கெல்லாம் விளையாட்டு விழா. பெண்கள் கயிறு இழுப்பில் நாலு வருஷமாகக் காபி ஆலைக்காரிகள்தான் ஜெயிக்கிறார்கள். ஓர் அணிக்கு எட்டுப் பேர். நம் ஆலையில் எட்டாவது ஆளாக இருந்தவள் கம்பாலாவுக்குப் போய்விட்டாள். வேலை செய்கிறவர்களின் வீட்டு ஆட்களும் சேரலாம்.

"வாரீங்களா?" என்றாள் டெடி.

மாமாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். வாரேன் என்று சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் அத்தை, மாமாவின் அம்மா, ஊரிலிருந்து போனில் பேசினார். சனிக்கிழமை தவறாமல் பேசுவார். வழக்கமானதைக் கேட்டார், வழக்கமானதைச் சொன்னேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

கயிறு இழுக்க டாக்டர் சர்டிபிகேட் வேண்டும். போன வருஷம் யாரோ கயிற்றைப் பிடித்தபடியே மயங்கி விழுந்தாளாம், அதிலிருந்து இந்தச் சட்டம். டவுன் கிளினிக்கில் ரத்தம் கொடுத்தேன். இன்று ரிசல்ட். ரத்தம் குறைவு, புரதமும் குறைவு. இந்த ஊர்க்கார டாக்டரம்மா என் நகத்தைப் பார்த்தார், கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்.

"என்ன சாப்புடறீங்க?"

காலையில் டீ, ரெண்டு பிஸ்கட். மதியம் சோறு, ரசம். ராத்திரி தயிர்ச்சோறு. மாமாவுக்கு ஆலையில் முட்டை கிடைத்துவிடுகிறது, எனக்கு மட்டும் என்று பருப்பு வேகவைக்கச் சோம்பலாக இருக்கிறது. சொல்லும்போது எனக்கே வெட்கமாகப் போயிற்று.

"தெனம் ரெண்டு முட்டை, மீனு, கறி," என்று எழுதினார்.

நான் சாப்பிடுவதில்லை என்றேன். நாமக்கல்லில் பிறந்து, முட்டை லாரிக்கு நடுவில் வளர்ந்து, கோழித்தீவன மேனேஜருக்கு வாழ்க்கைப்பட்டவள் முட்டை தொடமாட்டேன் என்றால் யாருக்கும் சிரிப்புதான் வரும். ஏழு வருஷம் முன்னால் ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை நைனாமலை ஏறிப் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டது. நடக்கிறவரை முட்டை, மீன், கறி தொடுவதில்லை என்று. எது நடக்கிறவரை என்பது பெருமாளுக்குத் தெரியும், டைரிக்குத் தெரிய வேண்டியதில்லை.

இந்த ஊர் வாழைக்காயை, அதுதான் மடோக்கே, வேகவைத்து நிறையச் சாப்பிடுகிறேன் டாக்டர் என்றேன். அது வயிற்றைத்தான் ரொப்பும், புரதம் பேருக்குத்தான் என்று சிரித்தார். இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். நவம்பர் 27 மறுபடி ரத்தம் பார்ப்பாராம். தேறியிருந்தால் கையெழுத்து, இல்லாவிட்டால் நான் பெஞ்சில் உட்கார்ந்து கைதட்டலாம்.

"உட்ரு அம்மிணி. கயிறு இழுத்து என்ன ஆகப்போவுது?" என்றார் மாமா.

ஒன்றும் ஆகப்போவதில்லை. சும்மா ஒரு பொழுதுபோக்கு. எனக்கு இதில் பெரிய ஆசையெல்லாம் கிடையாது.

அக்டோபர் 23, வியாழன்

முதல் நாள் பயிற்சி. உள்ளங்கை இரண்டும் உரிந்துவிட்டது. சாதம் பிசைய முடியவில்லை, ஸ்பூனில் சாப்பிட்டேன். இவ்வளவு சந்தோஷமாக இருந்து எத்தனை நாள் ஆகிறது என்று தெரியவில்லை.

அக்டோபர் 25, சனி

பயிற்சி முடிந்ததும் எட்டுப் பேரும் பலாமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். அவர்கள் ஆலைச் சாப்பாட்டைப் பார்த்துப் பதறிவிட்டேன். மக்காச்சோளக் களி மலைமாதிரி, அதன்மேல் அவரைக்கொட்டைக் குழம்பு கரண்டியளவு. கொட்டை எங்கே என்று தேட வேண்டும். இதைத் தின்றுவிட்டு எப்படிக் காபி ஆலையை இழுப்பது? ஓடிப்போய், பண்ணைக்காரர்கள் மாமாவுக்குக் கொடுத்து வீட்டில் கிடந்த முட்டை அட்டை இரண்டை எடுத்து வேகவைத்துக் கொண்டுவந்தேன். ஒரு முட்டைக்கு ஆறு கிராம் புரதம், ஆளுக்கு மூன்று என்று பாடம் எடுத்தேன். தீவனத்தில் புரதம் குறைந்தால் கோழியே முட்டை போடாது, நமக்கு மட்டும் களியே போதுமா என்று கேட்டேன். தலையாட்டினார்கள்.

நாலோங்கோ முட்டையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். "எங்கம்மா காலத்துல பொம்பளைங்க முட்டையும் கோழியும் திங்கக்கூடாது, தெரியுமா? அடுப்புல வேகவெக்கறது நாங்க, தின்னுபோட்டுப் போறது அவங்க." அம்மாவுக்கும் சேர்த்து என்று சொல்லி ஆறு தின்றாள்.

"நீ திங்கலயா?" என்றாள் டெடி. மேடம் போய் நீ ஆகிவிட்டது, கயிறு செய்த வேலை.

வயிறு சரியில்லை என்றேன்.

ராத்திரி அத்தை பேசினார். தலை லேசாகச் சுற்றுகிறது. வெயிலாக இருக்கும்.

அக்டோபர் 30, வியாழன்

ப்ராஸி வீட்டிலிருந்து போண்டா மாதிரி ஒன்று சுட்டு வந்திருந்தாள். மண்டாஸி என்று பெயர். மூன்று தின்றபிறகு, மாவில் முட்டை நிறைய உடைத்து ஊற்றியதாகப் பெருமையாகச் சொன்னாள். உன் பாடத்தைக் கேட்டுத்தான் செய்தேன் என்றாள்.

எனக்கு ஒன்றும் கோபமில்லை. அவளுக்கு எப்படித் தெரியும். வேண்டுமென்று செய்யவில்லை. வீட்டுக்கு வந்து வாய் கொப்பளித்துத் தலைக்கு ஊற்றிக்கொண்டேன். சாமி படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஏழு வருஷக் கணக்கு இத்தோடு அழிந்துவிடுமா, தெரியாமல் தின்றதையும் சேர்த்துக்கொள்வாரா என்று கேட்டேன். ப்ராஸி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்குக் கோபமில்லை என்று முதலிலேயே எழுதிவிட்டேன்.

அக்டோபர் 31, வெள்ளி

உண்மையைச் சொல்லிவிட்டேன். முட்டை, மீன், கறி மூன்றும் தொடமாட்டேன், இது சாமி விஷயம் என்றேன். ப்ராஸி தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான்தான் அவளைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. நாலோங்கோ மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை.

"அவ்வளவுதானா? ஞாயித்துக்கெழமை எங்கூட்டுக்கு வா."

நவம்பர் 2, ஞாயிறு

கடலைக் குழம்பு. கடலைக் குழம்பு. கடலைக் குழம்பு. இதற்கு மேல் இன்று எழுத ஒன்றும் இல்லை, ஆனாலும் எழுதுவேன்.

நாலோங்கோ நிலக்கடலையை உரலில் நைய இடித்துத் தண்ணீரில் கரைத்தாள். இளஞ்சிவப்பாக, பாயசம் மாதிரி வந்தது. வெங்காயம், தக்காளி, காளான் போட்டாள். அனலில் வாட்டிய வாழையிலையில் அதை ஊற்றி, பையாக மடித்து, நாரால் கட்டி, பானைக்குள் ஆவியில் வைத்தாள். இரண்டு மணி நேரம் கழித்து என் முன்னால் இலையைப் பிரித்தாள். அந்த வாசனைக்கு எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்தில் கேழ்வரகுக் களி. ஆமாம், நம் கேழ்வரகு. இங்கே மரவள்ளி மாவும் கலந்து கிண்டுகிறார்கள். கடலையைச் சட்னிக்கும் உருண்டைக்கும் என்று ஓரமாக வைத்திருக்கிறோம் நாம். இவர்கள் அதைக் குழம்பாக்கி நடுவில் உட்காரவைத்திருக்கிறார்கள்.

வடக்கிலிருந்து வந்த அகெல்லோவும் எங்கள் அணிதான். அவள் ஒரு டப்பா கொண்டுவந்திருந்தாள். எள்ளும் கடலையும் சேர்த்து அரைத்த விழுது, அவர்கள் ஊரில் அதைக் கீரையில் கலப்பார்களாம். நான் விரலால் வழித்தே பாதி டப்பாவைக் காலி செய்துவிட்டேன்.

"சாமி விஷயத்துல கடலைக்குத் தடை இல்லையே?" என்று கேட்டாள் நாலோங்கோ.

இல்லை என்றேன்.

"அப்பறம் எதுக்கு இத்தன நாளு பட்டினி கெடந்தே?"

நான் பட்டினி கிடக்கவில்லை. எனக்கு என்று தனியாகச் சமைக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான். இரண்டும் வேறு.

நவம்பர் 5, புதன்

காலையில் கேழ்வரகுக் கூழில் கடலை விழுது. மதியம் அவரைக்கொட்டை, மக்காச்சோளக் களி. கொட்டை இப்போது தேடவேண்டியதில்லை, நானே அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று அள்ளிப் போடுகிறேன். ராத்திரி கடலைக் குழம்பில் தண்டுக்கீரை. மாமாவுக்கும் அதுதான்.

"ரசம் வெக்கறதே இல்லயா இனி?" என்று கேட்டுக்கொண்டே இரண்டாம் தடவை ஊற்றிக்கொள்கிறார். அவர் ஆலையில் சாப்பிடுவதாகச் சொல்லும் முட்டையைத் தினமும் தான்தான் சாப்பிடுவதாக டிரைவர் சொல்கிறான். என்ன விளையாட்டோ. கேட்டால் வாயுத்தொல்லை என்கிறார்.

நவம்பர் 8, சனி

என்ன செய்துவிட்டேன்.

சந்தையில் தட்டப்பயறு கிடைத்தது. கொங்கு நாட்டுக்காரிக்குத் தட்டப்பயறைக் கண்டால் சொந்தத் தங்கையைக் கண்டமாதிரி. ஊறவைத்து, ஒன்றிரண்டாக ஆட்டி, வெங்காயம், பச்சைமிளகாய், கீரை கிள்ளிப்போட்டு வடை சுட்டேன். பேசின் நிறையச் சூடாகப் பலாமரத்தடிக்குக் கொண்டுபோனேன். அணிக்கு என் கையால் போடும் முதல் விருந்து. என்ன என்று கேட்டார்கள்.

"தின்னுபோட்டுக் கண்டுபுடிங்க. அதுக்கு முன்னால சொல்ல மாட்டேன்."

அகெல்லோ அவரைக்கொட்டை என்றாள். நாலோங்கோ கறி என்று சத்தியம் செய்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. டெடிக்கு மிகவும் பிடித்துவிட்டது. போதும் என்றவளை விடாமல் நான்தான் இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று வைத்தேன். ஒறம்பரைக்கு, வீடு தேடி வந்த சொந்தத்துக்கு வைப்பதுபோல வற்புறுத்தி வைத்தேன். கடைசியில் இடுப்பில் முடிந்துவைத்திருந்த வேகாத தட்டப்பயறைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டிக் காட்டினேன்.

டெடியின் முகம் மாறிவிட்டது. அவள் எழுந்துபோய்க் குழாயடியில் வாய் கொப்பளித்தாள், விரலை விட்டு வாந்தி எடுத்தாள், மறுபடி கொப்பளித்தாள். என்னைப் பார்க்காமல் கேட்டைத் தாண்டிப் போய்விட்டாள்.

ப்ராஸிதான் சொன்னாள். இவர்களுக்குக் குலம் உண்டு, கொங்கு நாட்டில் கூட்டம் என்று சொல்வோமே, அது மாதிரி. ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு விலங்கு, அல்லது ஒரு மீன், அல்லது ஒரு பயிர். அந்தப் பெயர்தான் குலத்துக்குப் பெயர். அதைத் தின்னமாட்டார்கள், பிறந்ததிலிருந்து சாகிறவரை. டெடியின் குலத்துக்குத் தட்டப்பயறு.

நவம்பர் 9, ஞாயிறு

ஒரு பயறுக்கா இவ்வளவு. விஷமா கொடுத்தேன். எனக்கு எப்படித் தெரியும், வேண்டுமென்றா செய்தேன். பெரிய மனுஷியாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பாள்.

நவம்பர் 11, செவ்வாய்

டெடி பயிற்சிக்கு வரவில்லை. வேலைக்கு வருகிறாள், பலாமரத்தடிக்கு வருவதில்லை. ஏழு பேர். எட்டு இல்லாவிட்டால் களத்தில் கயிற்றைத் தொடவே விடமாட்டார்களாம். அவளைப்போல் முதல் ஆளாக நின்று காலை ஊன்ற இங்கே யாருமில்லை.

மாமா சாப்பிடும்போது கேட்டார், "அந்த மண்டாஸி தின்ன அன்னிக்கு நீ எத்தன மொறை வாய் கொப்புளிச்சே?"

எதற்கு இப்போது அதைக் கேட்கிறார் என்று எரிச்சலாக இருந்தது. பாத்திரம் கழுவும்போதுதான் புரிந்தது. அப்படியே சிங்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

நவம்பர் 12, புதன்

டெடி வீட்டுக்குப் போனேன். ஆலைக்குப் பின்பக்கம், வாழைத்தோட்டத்துக்கு நடுவில் ஒற்றை அறை. வாசலில் உட்கார்ந்து அவரை உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை, ஆனால் பாயில் நகர்ந்து இடம் விட்டாள். நானும் உட்கார்ந்து இரண்டு காய் உரித்தேன்.

"தப்புதான் டெடி. கேட்டுட்டுக் குடுத்திருக்கோணும். நீ போதும்னு சொல்லியும் வெச்சேன்."

"எங்க அத்தைக்குப் போன் பண்ணுனேன்," என்றாள். அப்பாவுடன் பிறந்த அத்தைதான் இவர்களுக்கு எல்லாவற்றுக்கும் கோர்ட். "தெரியாமத் தின்னது கணக்குல வராதுன்னுட்டாங்க. ஆனா குடுத்தவ தானா வந்து சொல்லோணும், நீயாப் போய்க் கூப்புடக் கூடாதுன்னுட்டாங்க. நாலு நாளா வாசலப் பாத்துட்டே இருக்கேன். ஏன் இவ்வளவு லேட்டு?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவள் டீ போட்டுக் கொடுத்தாள்.

"உனக்கு முட்டைதான் குலமா?" என்று கேட்டாள்.

இல்லை, அது வேண்டுதல் என்றேன். வேண்டுதல் என்றால் என்ன என்றாள். கடவுளிடம் ஒன்று கேட்பது, அது கிடைக்கிறவரை நமக்குப் பிடித்ததை விட்டுவிடுவது என்று விளக்கினேன்.

டெடி யோசித்தாள். "தட்டப்பயறு எங்களுக்கு ஒறம்பரை. ஒறம்பரைய யாராச்சும் திம்பாங்களா, அதான் நாங்க திங்கறதில்ல. நீ சொல்றது வேற. ஆரோ உன்னத் தண்டிச்ச மாதரயல்ல இருக்குது. என்ன தப்புப் பண்ணுனே நீ?"

டீ நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். நன்றாகத்தான் இருந்தது.

நவம்பர் 13, வியாழன்

டெடி வந்துவிட்டாள். எட்டுப் பேர். கயிற்றைப் பலாமரத்தில் கட்டி இழுத்ததில் மேலிருந்து ஒரு காயே விழுந்தது.

நவம்பர் 16, ஞாயிறு

இனி ஒரு கட்டளை. எதையும் வாயில் வைப்பதற்கு முன் அவரவர் என்ன தின்னமாட்டார்கள் என்று சொல்லிவிட வேண்டும். ப்ராஸிதான் போட்டாள். வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராகச் சொன்னார்கள். நாலோங்கோ ஏரியில் கிடைக்கும் ஒரு விலாங்கு மாதிரி மீனைத் தொடமாட்டாள், அவள் குலம் அது. அகெல்லோவுக்குக் குலத்தடை ஒன்றும் இல்லை, ஆனால் பப்பாளி பிடிக்காது, அதையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லிச் சண்டை போட்டாள். ப்ராஸிக்கு வெட்டுக்கிளி.

பார்த்தால் இன்றைக்குத்தான் ஊரெல்லாம் வெட்டுக்கிளி. மழையோடு கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும் காலமாம் இது. நம்மூரில் மழைக்கு ஈசல் வருவது போலத்தான். நாலோங்கோ கூடை நிறையக் கொண்டுவந்தாள். எல்லாரும் உட்கார்ந்து இறக்கையும் காலும் பிய்த்தார்கள். எண்ணெய் ஊற்றாமல் அதன் கொழுப்பிலேயே வெங்காயம் போட்டு வறுத்தார்கள். இதில் எவ்வளவு புரதம் தெரியுமா என்று அகெல்லோ என்னைப்போலவே பேசிக் காட்டினாள்.

அப்புறம் ஒரு பெரிய வழக்கு. வெட்டுக்கிளி கறியா, இல்லையா? முட்டை இல்லை, மீன் இல்லை, ரத்தமும் இல்லை, எனவே பூங்கொடி, அதாவது நான், சாப்பிடலாம் என்பது நாலோங்கோ கட்சி. கண் இருக்கிறது, எனவே கறிதான் என்பது டெடி கட்சி. ஊரில் சின்ன வயதில் ஈசலைப் பொரியோடு வறுத்துத் தின்ற ஞாபகம் என்னை நாலோங்கோ பக்கம் இழுத்தது. கடைசியில் கண் ஜெயித்தது. நானும் ப்ராஸியும் சட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கடலை தின்றோம். எங்களுக்குப் பின்னால் மொறுமொறு என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பொல்லாத வாசனை.

நவம்பர் 20, வியாழன்

என்னைக் கடைசி ஆளாகப் போட்டிருக்கிறார்கள். கயிற்றின் நுனியை அக்குளுக்கு அடியில் விட்டு, முதுகில் குறுக்காகக் கொண்டுவந்து தோள்மேல் போட்டுக்கொள்ள வேண்டும். முன்னால் இருக்கிற ஏழு பேர் வழுக்கினாலும் நான் நகரக் கூடாது. பளு தூக்கும்போது ஒரு நிமிஷ வேலை. இது அப்படியில்லை, பொறுமை வேண்டும்.

பொறுமை எனக்குப் பழக்கம்தான்.

ஆளுக்கு ஒரு நாள் முறை வைத்து எனக்குச் சாப்பாடு கொண்டுவருகிறார்கள். வேண்டாம் என்றால் கேட்பதில்லை. பச்சைப்பயறு, அவரை, எள்ளுருண்டை, கீரை, கடலை. களியோடு பயறு சேர்ந்தால்தான் புரதம் முழுசு என்று எனக்குப் படிப்பு சொல்கிறது. இவர்கள் வீட்டில் அது இரண்டும் எப்போதும் சேர்ந்தேதான் வருகிறது. நம் வீட்டுக் களியும் தட்டப்பயறும் அப்படித்தான் இருந்தது, நான்தான் பிஸ்கட்டுக்கு மாறினேன். ஜாக்கெட் கை பிடிக்கிறது. படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை.

நவம்பர் 22, சனி

அத்தை பேசினார். வழக்கமானதைக் கேட்டார். பேச்சை மாற்ற, கயிறு இழுப்பதைச் சொல்லிவிட்டேன்.

"அதெல்லாம் அடிவயித்துக்கு ஆகாது சாமி. இருக்கற கொஞ்ச நம்பிக்கையும் போயிரும்."

சரிங்க அத்தை என்றேன். போனை வைத்துவிட்டுத் துணி துவைத்தேன். துவைத்துக் காயப்போட்டதையே எடுத்து மறுபடி துவைத்தேன்போல. மாமா வந்து வாளியைக் கையிலிருந்து வாங்கி வைத்தார்.

"அம்மாகிட்ட நான் பேசிக்கறேன். நீ கயித்தப் பாரு," என்றார். அவர் கண்ணும் சரியில்லை.

நவம்பர் 27, வியாழன்

கையெழுத்துப் போட்டுவிட்டார். போட்டுவிட்டார். போட்டுவிட்டார்.

டாக்டரம்மா ரிசல்ட்டை இரண்டு தரம் பார்த்தார். "முட்டை சாப்புட்டிருக்கீங்க."

"இல்லீங்க."

"மீனு?"

"இல்லீங்க டாக்டர். எல்லாம் இந்த ஊர்ச் சாப்பாடுதான், உங்க வீட்டுச் சாப்பாடு."

இன்னும் கொஞ்சம் ரத்தம் ஏற வேண்டும், மாத்திரையை நிறுத்தாதே, ஆனால் இழுக்கலாம் என்றார். வெளியே ப்ராஸியும் டெடியும் காத்திருந்தார்கள். காகிதத்தை ஆட்டிக் காட்டினேன். டெடி நடுரோட்டில் இவர்கள் ஊர்க் குலவையை எடுத்துவிட்டாள். போகிற மோட்டார்சைக்கிள்காரர்களெல்லாம் கல்யாணமா என்று கேட்டுக்கொண்டு போனார்கள்.

டிசம்பர் 5, வெள்ளி

நாளைக்கு. சாப்பாடு இறங்கவில்லை. நாலோங்கோவுக்கு எப்படியோ தெரிந்து, மகனிடம் கடலைக் குழம்பு கொடுத்தனுப்பிவிட்டாள். இறங்கிவிட்டது.

டிசம்பர் 6, சனி

விரல் மடங்க மாட்டேன் என்கிறது. பேனாவைக் கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் பிடித்து எழுதுகிறேன். எழுதாமல் தூங்க முடியாது.

அரையிறுதியில் தேயிலைத் தோட்டத்துப் பெண்களை இரண்டே இழுப்பில் முடித்தோம். இறுதி, காபி ஆலை. அவர்களின் கடைசி ஆளைப் பார்த்தேன். என்னைவிட ஒன்றரை மடங்கு. கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள்போல நிதானமாக நின்றாள்.

முதல் இழுப்பு, விசில் அடித்ததும் எங்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். என் கால் இருந்த இடத்தில் இரண்டு கோடு மட்டும் இருந்தது. மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தேன். டெடி திரும்பிப் பார்த்து, "இழுக்காதே. பிடிச்சுட்டு மட்டும் இரு. நாங்க இருக்கோம்," என்றாள்.

இரண்டாவது இழுப்பில் குதிகாலைப் புதைத்துப் படுத்துவிட்டேன். அவர்கள் பலமெல்லாம் முதல் அரை நிமிஷத்தில்தான். அது தீர்ந்ததும் ப்ராஸி தாளம் கொடுத்தாள். அடி அடியாக எங்கள் பக்கம் வந்தார்கள். ஒன்றுக்கு ஒன்று.

மூன்றாவது. இதை எப்படி எழுதுவது? கயிறு அசையவே இல்லை. இந்தப் பக்கம் எட்டுப் பேர், அந்தப் பக்கம் எட்டுப் பேர், நடுவில் கட்டிய சிவப்புத் துணி அப்படியே நிற்கிறது. கூட்டம் கத்துவது முதலில் கேட்டது, அப்புறம் கேட்கவில்லை. தோளில் கயிறு அறுக்கிறது. தொடை நடுங்குகிறது. ஒரு மாதத்துக்கு முன்னால் இந்த நேரம் கண் இருட்டியிருக்கும். இருட்டவில்லை. இன்னும் இருக்கிறது, இன்னும் இருக்கிறது என்று உடம்பு சொல்லிக்கொண்டே இருந்தது. என் உடம்பு எனக்குச் சாதகமாக ஒன்று சொல்லிக் கேட்டதே இல்லை நான். அழுதேன். அழுதுகொண்டே பிடித்திருந்தேன். அப்போது கயிற்றில் சின்னதாக ஒரு தளர்ச்சி தெரிந்தது. அந்தப் பக்கம் யாரோ ஒருத்தி மூச்சு விட்டிருக்கிறாள். ப்ராஸி கத்தினாள். ஓர் அடி, இன்னோர் அடி, அப்புறம் நிற்கவேயில்லை.

விசில். நாங்கள் மல்லாக்க விழுந்தோம், ஒருத்திமேல் ஒருத்தி. நாலோங்கோ என் வயிற்றில் தலைவைத்துச் சிரிக்கிறாள். கோட்டுக்கு வெளியே மாமா வேட்டிக்காரர் மாதிரி பேண்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குதிக்கிறார். ஆலை மேனேஜர் குதிப்பதை ஆலையே வேடிக்கை பார்த்தது.

எல்லாரும் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது காபி ஆலையின் கடைசி ஆள் என்னைத் தேடி வந்தாள். கை கொடுத்தாள். அப்புறம் என்னை மேலும் கீழும் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். கல்யாணமான ஒன்பது வருஷத்தில் புதிதாகப் பார்க்கிற ஒவ்வொரு பெண்ணும் இப்படித்தான் பார்ப்பாள். பார்த்து, வயிற்றில் கண்ணை நிறுத்தி, எத்தனை குழந்தை என்பாள். நாமக்கல்லிலும் அதுதான், இங்கே சந்தையிலும் அதுதான், சனிக்கிழமை போனிலும் அதுதான். எனக்குக் குழந்தை இல்லை. அதற்காகத்தான் நைனாமலை ஏறினேன், அதற்காகத்தான் இந்த உடம்பைப் பட்டினி போட்டேன். ஒன்றும் தராத உடம்புக்கு எதற்குச் சோறு என்று நினைத்தேன். இதோ எழுதிவிட்டேன்.

அவள் கண் என் வயிற்றில் நிற்கவில்லை. தோளில் நின்றது. என் புஜத்தைப் பிடித்து, சந்தையில் பூசணிக்காய் வாங்குகிறவள்போல அமுக்கிப் பார்த்தாள்.

"என்ன திங்கறே நீ?" என்று கேட்டாள்.

நான் சொல்ல ஆரம்பித்தேன். கடலையை எப்படி இடிக்க வேண்டும், எவ்வளவு தண்ணீர், இலையை எப்படி வாட்ட வேண்டும் என்று. அவளுக்கு இதெல்லாம் பிறந்ததிலிருந்து தெரியும். ஆனாலும் குறுக்கே பேசாமல் கேட்டாள். களிக்குப் போனேன், அவரைக்கு வந்தேன், அகெல்லோவின் எள்ளு விழுதைச் சொன்னேன். பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. டெடி ஜன்னல் வழியாகக் கத்தினாள். முழுவதும் சொல்லி முடித்த பிறகுதான் ஏறினேன்.